பேச்சறிதல் பங்குகளில் நான் முதலில் பார்ப்பது

பேச்சை எழுத்தாக்கும் நிறுவனங்களை ஒப்பிடும் முதலீட்டாளர்கள் பலர், கணினி எத்தனை சொற்களைத் தவறாக எழுதுகிறது என்னும் பிழை விழுக்காட்டை மட்டுமே பார்க்கிறார்கள். அது போதாது என்பது என் உறுதியான கருத்து. சொல்லுக்குச் சொல் நிறுத்தாமல் இயல்பாகப் பேசினாலே கணினி எழுதிக்கொள்ளும் என்று 1997இல் காட்டிய டிராகன் சிஸ்டம்ஸை, அதை நிறுவிய ஜிம், ஜேனட் பேக்கர் தம்பதியர் 2000ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் பேச்சுத் தொழில்நுட்ப நிறுவனமான லெர்னவுட் அண்ட் ஹவுஸ்பிக்கு விற்றபோது, பணத்துக்குப் பதிலாக அந்நிறுவனத்தின் பங்குகளையே பெற்றார்கள். சில மாதங்களிலேயே அதன் கணக்கு மோசடி வெளிப்பட்டு, பங்குகள் வெறும் காகிதமாயின. அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது, ஏனெனில் தொழில்நுட்பம் தோற்கவில்லை. அதே டிராகன் பின்னர் நுவான்ஸ் என்ற பேச்சறிதல் நிறுவனத்தின் கைக்கு வந்து, மருத்துவர் சொல்லச் சொல்ல நோயாளியின் விவரங்களைப் பதிவு செய்யும் கருவியாக மருத்துவமனைகளில் வேரூன்றியது. அந்த நுவான்ஸுக்குத்தான் மைக்ரோசாஃப்ட் 2021இல், கடனையும் சேர்த்து, 1,970 கோடி டாலர் விலை பேசியது. மறு ஆண்டு செப்டம்பரில் ஓப்பன்ஏஐ, 6,80,000 மணிநேர ஒலிப்பதிவுகளைக் கொண்டு பயிற்றுவித்த, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மென்பொருளை இலவசமாகவே வெளியிட்டது. பேச்சை எழுத்தாக்கும் திறன் இப்படி இலவசமாகவே கிடைக்கும்போது அதை மட்டும் நம்பிப் பங்கு வாங்க முடியாது. ஆகவே குரல்வழிச் சேவை நிறுவனமான சவுண்ட்ஹவுண்ட் போன்றவற்றின் பங்கை வாங்கும் முன், கார் நிறுவனங்களுடனும் உணவகங்களுடனும் அதற்குள்ள ஒப்பந்தங்கள் எத்தனை ஆண்டுகளுக்கானவை, அவற்றிலிருந்து கையில் வரும் பணம் எவ்வளவு என்பதையே ஆண்டறிக்கையில் முதலில் தேடுகிறேன்.