ஓரியூர் செம்மண்ணில் அம்மாவின் நேர்ச்சை

அப்பா படுக்கையில் விழுந்தபோது, அவர் பிழைக்க வேண்டும் என்று அம்மா நேர்ந்துகொள்ளவில்லை. மருத்துவர்கள் கைவிரித்துவிட்ட நிலையில், போர்ச்சுகலிலிருந்து வந்து இராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூரில் வேதத்துக்காக உயிர்கொடுத்த சேசு சபைக் குரு புனித அருளானந்தரிடம், "அருளானந்தரே, இவருக்கு நல்ல மரணத்தை வாங்கிக் கொடும். ஓரியூருக்கு வந்து உம்முடைய மண்ணில் முழந்தாளிடுகிறேன்" என்றுதான் வேண்டிக்கொண்டார். கேட்டது அப்படியே கிடைத்தது. அப்பா தெளிந்த நினைவோடு குருவிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார், நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல் பெற்றார், நன்மை (நற்கருணை) வாங்கினார். நாங்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்தார். அம்மாவின் நேர்ச்சைதான் பாக்கி இருந்தது. முழங்கால் வலி, பிறகு கொரோனா, பிறகு பிள்ளைகளின் பரீட்சை என்று தள்ளிக்கொண்டே போய், இந்த வருடம் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "நான் கடனோட சாகமாட்டேன்."

அதுவும் நெற்றியில் சாம்பல் பூசித் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் அன்றே போக வேண்டுமாம். காரணம் இருக்கிறது. புனிதரை ஓரியூரில் வெட்டிக் கொன்ற 1693 பிப்ரவரி 4, அந்த வருடத்து விபூதிப் புதன். அம்மாவுக்கு இது சிறுமியாக இருந்தபோதே மறைக்கல்வி வகுப்பில் மனதில் பதிந்துபோன தகவல்.

தேவகோட்டை, திருவாடானை வழியாகப் போனோம். இருபுறமும் சீமைக்கருவேலம், வற்றிக் கிடக்கும் கண்மாய்கள், முகத்தில் அறையும் வெயில். அறுபதைத் தொட்டவர்களுக்கு ஒருசந்தி நோன்பு கடமையில்லை என்று திருச்சபையே விலக்கு கொடுத்திருக்கிறது. எண்பதைத் தாண்டிய அம்மாவோ சர்க்கரை மாத்திரைக்காக இரண்டு பிஸ்கட் தின்றுவிட்டு, வேறெதையும் தொட மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். எனக்குத்தான் வழியெல்லாம் பயம்.

கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வண்டியை விட்டு இறங்குவதற்குள் மெழுகுவர்த்தியைக் கையில் திணிக்கிறார்கள், வேண்டாம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ முனகுகிறார்கள். ஒருவர் அம்மாவின் நடையைப் பார்த்துவிட்டு, "வரிசையில நிக்காம கூட்டிட்டுப் போறேன், பார்த்துக் குடுங்க" என்று பின்னாலேயே வந்தார். தலை கொடுத்தவரின் இடத்திலேயே தோளோடு தோள் உரசிப் போட்டோ எடுத்துக்கொள்ளும் இளைஞர்கள் வேறு. மனம் கசந்துதான் போனது. சரி, நாம் வந்த காரியத்தைப் பார்ப்போம் என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

நெற்றியில் சாம்பல் வாங்கினோம். "மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்" என்று குருவானவர் சொன்னபோது, அம்மா "ஆமா சாமி" என்றார். 'ஆமென்' இல்லை, வீட்டில் பேசுவது போல ஒரு 'ஆமா'.

அங்கிருந்து, புனிதரின் இரத்தம் பட்டுச் சிவந்ததாக நாங்கள் நம்பும் செம்மண் இடத்துக்கு வந்தோம். சுற்றுவட்டாரத்து வெளிறிய மணலைப் பார்த்துவிட்டு வரும் கண்ணுக்கு அந்தச் சிவப்பு எப்படி இருக்கும் என்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மா செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்தார். என் தோளில் ஒரு கை, தங்கையின் தோளில் ஒரு கை. முதலில் வலது முழங்கால், அப்புறம் இடது. எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஒரு பிடி மண்ணை எடுத்துக் கண்ணில் ஒற்றினார், விரல் இடுக்கெல்லாம் சிவப்பு. "சேசு மரி சூசையே, என் மரண வேளையில் எனக்கு உதவியாயிருங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பாவுக்காக வந்தவர் தனக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். "பாட்டி, நகருங்க, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அம்மா காதில் அது விழவே இல்லை.

எனக்கு அப்போது புனிதரின் கடைசி நாட்கள்தான் ஞாபகம் வந்தது. 1686-லேயே அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்து, இனி மறவ நாட்டில் (இந்த இராமநாதபுரம் பகுதியில்) போதிக்கக்கூடாது என்று விரட்டினார்கள். ஐரோப்பா போனார். போர்ச்சுகல் அரசர் பேத்ரோ சிறுவயதுத் தோழர், அங்கேயே இருந்துவிடும்படி கேட்டுக்கொண்டார். அருளானந்தர் இருக்கவில்லை, திரும்பி வந்தார். எதற்குத் திரும்புகிறோம் என்று அவருக்குத் தெரியும். சாவதற்கு முந்தைய நாள் சிறையில் கரியைக் கரைத்து மையாக்கி உடன் குருக்களுக்குக் கடிதம் எழுதியபோது, அதில் புலம்பல் இல்லை, காத்திருந்தது வந்துவிட்டது என்ற மகிழ்ச்சிதான். வயது 45. அந்த ஒரு இரவில் வந்த துணிச்சலா அது? வருடக்கணக்காக ஒவ்வொரு பூசையிலும் தன்னை ஒப்புக்கொடுத்து ஒப்புக்கொடுத்து வந்தது.

எழுப்பிவிட்டதும் அம்மா கேட்டது தண்ணீரை அல்ல. "உன் சித்திக்குப் போனைப் போடு."

பூர்வீக வீட்டுப் பங்கில் வந்த சண்டை. அப்பாவின் அடக்கத்துக்கு வந்த சித்தியிடம் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. நான் போட்டுக் கொடுத்தேன்.

"அக்கா பேசுறேன்டி. ஓரியூர்ல இருக்கேன். வீட்டை நீயே வச்சுக்க. என்னை மன்னிச்சிரு, நானும் மன்னிச்சிட்டேன். எனக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லு."

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். அம்மா அழவில்லை. "சரி, வைக்கிறேன், பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நீளுது" என்று போனைக் கொடுத்துவிட்டு நடந்தார். முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு, பிறகு வந்து காணிக்கை செலுத்து என்று ஆண்டவர் சொன்ன அதே வரிசையில்தான் எல்லாம் நடந்தது.

திரும்பும் வழியில் அம்மா சொல்லச் சொல்ல நான் போனில் குறித்துக்கொண்டேன். கல்யாணச் செபமாலையைக் கையில் சுற்ற வேண்டும். பேண்டு வாத்தியம் வேண்டாம். அந்தப் பணத்தில் முப்பது நாள் பூசை. முக்கியமாக ஒன்று: "இழுத்துக்கிட்டுக் கெடக்கும்போது சாமியாரைக் கூப்பிடாத. நினைவு இருக்கும்போதே கூப்பிடு. வாய் திறந்து பாவத்தைச் சொல்லணும், நன்மையை முழுங்கணும்." பங்குச்சாமியும் இதைத்தான் பிரசங்கத்தில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். நோயில்பூசுதல் கடைசி மூச்சுக்கு மட்டும் உரியதல்ல, நோயும் முதுமையும் முற்றும்போதே கேட்கலாம். ஆனாலும் எண்ணெய்ச் சிமிழோடு சாமியார் வந்தால் நோயாளி பயந்துவிடுவார் என்று எத்தனை வீடுகளில் கதவை அடைத்துவிடுகிறார்கள்! அது எனக்குப் பெரிய வேதனை.

புனித அருளானந்தரே, உமக்கு எப்படி நன்றி சொல்வேன்? அப்பாவுக்கு நல்ல மரணத்தை வாங்கிக் கொடுத்தீர். அம்மாவை முழந்தாளிட வைத்தீர். பிரிந்து கிடந்த அக்கா தங்கையை ஒன்று சேர்த்தீர். சித்தி ஞாயிற்றுக்கிழமையே வீட்டுக்கு வந்துவிட்டார், இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து செபமாலை சொன்னார்கள். நன்றி சாமி, கோடி நன்றி. அடுத்த விபூதிப் புதனுக்கு அம்மா இருந்தால் மூன்று பேருமாக வருகிறோம். இல்லாவிட்டால் நானும் சித்தியும் வந்து அம்மா பேரில் உம்முடைய பீடத்தில் ஒரு பூசை கொடுக்கிறோம்.