சியா கொலிசிக்குச் சாப்பாடு போட்ட பள்ளிக்கூடம்

வன்னியில றக்பியை ஆரும் பெரிசாக் கணக்கெடுக்கிறேல்ல. பெடியளுக்கு புட்போல், இல்லாட்டி கிரிக்கெட், பின்னேரத்தில சந்தியடியில வொலிபோல், அவ்வளவுதான். றக்பி கண்டியாரும் கொழும்பாரும் விளையாடுறது எண்ட நினைப்பு. நானும் 2019 உலகக்கோப்பை பைனலைச் சும்மா போனிலதான் பாக்கத் தொடங்கினனான், யோக்கஹாமாவில நடந்தது, எங்களுக்கு மத்தியானம் ரெண்டரை மணி, தென்னாபிரிக்கா இங்கிலாந்தை 32-12 எண்டு அடிச்சு விட்டுது. பிறகு தென்னாபிரிக்காக் கப்டன் சியா கொலிசியைப் பற்றித் தேடித்தேடி வாசிச்சதில கப்பை விட அதுக்கு முன்னம் நடந்ததுகள்தான் எனக்குப் பெரிசாத் தெரியுது.

சியா கொலிசி 1991ல போர்ட் எலிசபெத்தில ஸ்வீடே எண்ட இடத்தில பிறந்தவர், கறுப்பினச் சனத்தை ஒதுக்கி வச்ச பகுதி. அப்பம்மாதான் வளத்தவ, மற்ற ஆக்களின்ர குசினி கழுவி. விளையாட்டுச் சாமான் எண்டு இருந்தது ஒரு செங்கல், அதைத்தான் கார் எண்டு தள்ளித் திரிஞ்சவராம். எங்கட பெடியள் நுங்குக் கோம்பையில வண்டில் செய்யிற மாதிரித்தான், ஆனா கோம்பையாவது உருளும்.

12 வயசில மொசல் பேயில ஒரு போட்டி, அங்க கிரே எண்ட பெரிய பள்ளிக்கூடத்து ஆக்கள் இவரைக் கண்டு முழு ஸ்கொலசிப் குடுத்திச்சினம். முதல் தெரிவுக்கு றக்பிக் காற்சட்டை இல்லாம உள்ளுக்குப் போடுற பொக்சரோட இறங்கினவராம். தாய்மொழி கோசா, இங்கிலீஸ் வராது, கூடப் படிச்ச ஒருத்தன் சொல்லிக் குடுக்க இவர் அவனுக்குக் கோசா சொல்லிக் குடுத்தாராம்.

எல்லாரும் திறமை திறமை எண்டு எழுதுறாங்கள். எனக்கெண்டா அந்த ஸ்கொலசிப்போட வந்த மூண்டு நேரச் சாப்பாடுதான் கண்ணில படுது. பசியோட படுத்த நாளுகளைப் பற்றி அவரே பிறகு கதைச்சிருக்கிறார், அப்பிடி இருந்த பெடியன் என்னெண்டு பிளாங்கர் எண்ட இடத்தில விளையாடுறது? ஸ்க்ரம் எண்டு ரெண்டு ரீமும் குனிஞ்சு முட்டித் தள்ளுற கூட்டத்தின்ர ஓரத்தில நிண்டு, பந்தோட ஓடி வாறவனை இடுப்பில கட்டி விழுத்தி, உடன எழும்பி அவன்ர கையில இருந்து பந்தைப் புடுங்கோணும், பிறகு திரும்ப ஓடோணும், இப்பிடி 80 நிமிசம். பாணும் சம்பலும் சாப்பிட்டுட்டு ஏலுமே?

2007ல தென்னாபிரிக்கா கப் எடுக்கேக்க அவருக்கு 16 வயசு, வீட்டில ரீவி இல்லாம பக்கத்துச் சாராயக்கடையில நிண்டு பாத்தவர். (அந்த வருசம் நாங்கள் இங்க என்ன பாத்துக்கொண்டு இருந்தம் எண்டு சொல்லத் தேவையில்ல.) 2011ல வெஸ்டேர்ன் புரொவின்ஸ் எண்ட மாகாண ரீம், 2012ல ஸ்டோர்மேர்ஸ் எண்ட ரீம். அங்க முதல் மட்ச்சில கூட விளையாடின ஷால்க் பேர்கருக்குக் காயம் பட்டதால உள்ள போனவர். 2013 யூன்ல நெல்ஸ்ப்ரூட்டில ஸ்கொட்லாந்தோட முதல் ரெஸ்ட், அதாவது நாட்டு ரீமுக்கு விளையாடுற மட்ச், அதிலயும் தொடங்கின கையோட அதே ரீம் ஆர்னோ போத்தா காயப்பட்டு வெளிய வர இவர் இறங்கி ஆட்டநாயகன் எடுத்தவர். ரெண்டு தரமும் மற்றவன்ர காயத்தில கிடைச்ச இடம், ஆனா ரெண்டு தரமும் ஆள் ரெடியா இருந்தது. பிறகும் கனகாலம் பெஞ்ச்தான், 2018லதான் ரெஸ்ட் ரீமுக்கு முதல் கறுப்பினக் கப்டன்.

என்ர அக்கான்ர மோன் ஒருத்தன் இருக்கிறான், விசுவமடுவில, பதினாலு வயசு, ஆள் உலக்கை மாதிரி, பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப்போட்டியில வெறுங்காலோட ஓடி எல்லாரையும் முந்துவான். அவனைப் போல பத்துப் பேரை இந்த A9 ரோட்டோரத்திலயே காட்டுவன். உடம்பு இருக்கு, ஓட்டம் இருக்கு, வந்து நிண்டு பாக்கிறதுக்கு ஆள் இல்ல. பாத்தாலும் சேர்ட்டிபிக்கற் ஒண்டைக் குடுத்துட்டுப் போயிடுவினம், அதைச் சாப்பிடவே?

கொலிசியின்ர வீடியோ ரெண்டைக் காட்டினன், இப்ப அவனுக்கு றக்பி போல்தான் வேணுமாம். கிளிநொச்சியில கடையளில கேட்டன், புட்போல்தான் கிடக்கு எண்டாங்கள். கொழும்புக்குப் போற ஆரும் இருந்தா ஒருக்கா சொல்லுங்கோ, காசு அனுப்பி விடுறன்.