நைட் டியூட்டி அறைக்காக எம்.எல்.ஏ. ஆபீஸ் வரை போன கதை

எம்.எல்.ஏ.வைப் பார்ப்பது சுலபம். எங்கள் ஆஸ்பத்திரித் தபால் செக்‌ஷனைத் தாண்டுவதுதான் கஷ்டம். ஜூனியர்கள் யாருக்காவது உபயோகப்படும் என்றுதான் எழுதுகிறேன். எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

தென்மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவம் பி.ஜி. (மேற்படிப்பு) படிக்கிறேன். சர்வீஸ் கோட்டா, அதாவது ஏற்கெனவே அரசு வேலையில் இருக்கும் டாக்டர்களுக்கான ஒதுக்கீடு, இல்லை. 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி. கர் ஆஸ்பத்திரியில் பி.ஜி. டாக்டர் கொல்லப்பட்ட பிறகு நாடு முழுக்க நடந்ததெல்லாம் எங்கள் காம்பஸிலும் நடந்தது: கறுப்பு பேட்ஜ், மெழுகுவத்தி ஊர்வலம், இந்திய மருத்துவ சங்கம் (ஐ.எம்.ஏ.) அறிவித்த 17-ம் தேதி வேலைநிறுத்தம். டாக்டர்களின் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் தேசியப் பணிக்குழுவை அமைத்தது. ஊர்வலப் படங்கள் எல்லார் ஸ்டேட்டஸிலும் வந்தன. எங்கள் பிளாக்கில் நைட் டியூட்டி பார்க்கும் பெண் டாக்டர்கள் தலை சாய்க்க இடம் மட்டும் பழையபடி ஈ.சி.ஜி. அறைக் கட்டில்தான். அந்த அறைக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது.

நாங்கள் கேட்டது இவ்வளவுதான்: தாழ்ப்பாளும் கழிப்பறையும் உள்ள ஓர் அறை, விடுதிக்குப் போகும் பாதையில் விளக்கு. டீனுக்கு மனு எழுதிக்கொண்டு தபால் செக்‌ஷனுக்குப் போனேன். கிளார்க் படிக்கவே இல்லை. "த்ரூ ப்ராப்பர் சேனல் வாங்க டாக்டர்" என்றார். துறைத் தலைவர் லீவில் இருந்தார். பொறுப்பில் இருந்தவர், "நான் இன்சார்ஜ்தானேம்மா, சார் வரட்டும்" என்றார். சார் வந்து கையெழுத்துப் போட்ட பிறகு போனால், கட்டட விஷயம் என்பதால் ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அலுவலர்) வழியாக வரவேண்டும் என்றார் கிளார்க். நகலில் தேதி சீல் வைத்துக் கொடுங்கள் என்றேன். என்னைப் பார்த்த பார்வையில், அவருடைய பென்ஷனையே எழுதிக் கேட்டதுபோல் இருந்தது.

கலெக்டர் ஆபீஸின் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் ஒரு மனு கொடுத்தோம். அது கலெக்டர் ஆபீஸிலிருந்து கல்லூரிக்கு வந்து, அறிக்கை கேட்டு அதே கிளார்க்கின் மேஜையில் உட்கார்ந்தது. "பரிசீலனையில் உள்ளது" என்று அவரே பதில் எழுதி முடித்துவிட்டார். முதல்வர் தனிப்பிரிவுக்கு அனுப்பினாலும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வரும். அதனால் எங்கே கொடுத்தாலும் மனு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சீல் தர மறுத்தால் வாதாட வேண்டாம், தபாலில் அனுப்பி ரசீதை பத்திரப்படுத்துங்கள். (பதிவுத் தபாலை 2025 செப்டம்பரில் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், இனி அதுதான்.)

இதற்கிடையே ஒரு சீனியர் என்னைக் கூப்பிட்டு, "அரசியல் நமக்கு எதுக்கும்மா? படிச்சோமா, பாஸ் பண்ணோமான்னு இரு" என்றார். அவர் சர்வீஸ் கோட்டாவில் வந்தவர். அரசு டாக்டர்களுக்கு பி.ஜி. சீட்டில் இடஒதுக்கீடு கொடுக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு சொன்னது. அதற்காகச் சங்கத்துக்காரர்கள் கோர்ட்டுக்கும் கோட்டைக்கும் அலைந்ததெல்லாம் அரசியல் இல்லாமல் வேறென்ன? அதைக் கேட்டேன். சிரித்தார். கையெழுத்துப் போடவில்லை.

அவர் பயத்திலும் நியாயம் இருந்தது என்று சொல்லவேண்டும். 1973-ன் அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் கட்சி அரசியலைத் தடுக்கின்றன, பணி விஷயத்தில் வெளியாள் சிபாரிசு பிடிப்பதையும் தடுக்கின்றன. ஆகவே சர்வீஸில் இருப்பவர்கள் சங்கத்தின் பெயரில் போவதே நல்லது. சொந்த டிரான்ஸ்ஃபருக்கு எம்.எல்.ஏ. லெட்டர் வாங்கப் போய் மாட்டிக்கொண்டு, 'அரசியலே ஆபத்து' என்று ஊருக்கெல்லாம் சொல்லாதீர்கள். எங்கள் மனுவில் சர்வீஸ் அல்லாத பி.ஜி.க்களும் மாணவர்களும் மட்டுமே கையெழுத்திட்டோம். மற்றவர்கள் நைட் ரோஸ்டரைக் கொடுத்து உதவினார்கள்.

எம்.எல்.ஏ. ஆபீஸுக்கு முதல் தடவை போனது வீண். சட்டமன்றம் நடந்துகொண்டிருந்தது, அவர் சென்னையில். கூட்டத்தொடர் தேதியைப் பார்க்காமல் யாரும் கிளம்ப வேண்டாம். அடுத்த தடவை பி.ஏ. இருந்தார். மாநிலச் சங்கத்து அண்ணன் ஒருவர் தயாரித்துக் கொடுத்திருந்த நாலு பக்க ஆங்கில மெமோரண்டத்தை நீட்டினோம். அதில் பணிக்குழு, மத்தியச் சட்டம், உலக சுகாதார நிறுவனம் எல்லாம் இருந்தன, எங்கள் ஈ.சி.ஜி. அறை மட்டும் இல்லை. பி.ஏ. அதை ஒரு கல்யாணப் பத்திரிகைக் கட்டுக்கு மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"மேடம், உங்களுக்கு ஓட்டு எங்க?"

எனக்கு ஈரோடு. கூட வந்தவனுக்குக் கடலூர். இன்னொருத்திக்குக் கேரளா. அவர் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச ஆர்வமும் போய்விட்டது. "சரி, பார்க்கலாம்" என்றவர், தன் மாமியாருக்கு எம்.ஆர்.ஐ. தேதி சீக்கிரம் கிடைக்குமா என்று கேட்டார். (அந்த ஆபீஸில் எங்களிடம் யார் பேசினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நின்றார்கள். சீட்டைப் பார்த்து, வரிசையை விளக்கி, அதற்கு மேல் வாக்குக் கொடுக்காமல் வந்தோம்.)

பி.ஜி.க்கள் எல்லாரும் வெளியூர். ஆனால் ஆஸ்பத்திரியில் உள்ளூர்க்காரர்களுக்கா பஞ்சம்? ஸ்டாஃப் நர்ஸ்கள், துப்புரவுப் பணியாளர்கள், லேப் டெக்னீஷியன்கள் எல்லாருக்கும் அதே தொகுதியில் ஓட்டு. எங்களுக்கு வழி திறந்தது இறுதியாண்டு மாணவி ஒருத்தியால். அந்தத் தொகுதிக்காரி, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் வந்த முதல் பேட்ச். நாலு பக்கத்தைப் படித்துவிட்டு, "அக்கா, இதுல நாம என்ன கேக்குறோம்னே இல்லையே" என்றாள். ஒரே பக்கத்தில் தமிழில் அவளே எழுதினாள்: எந்த பிளாக், எந்த மாடி, ராத்திரி எத்தனை பெண்கள், விடுதிக்கு எவ்வளவு தூரம், எந்த நிதியிலிருந்து கேட்கிறோம். கடைசி வரிதான் முக்கியம். எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். "பாதுகாப்பு வேண்டும்" என்று கேட்டால் அனுதாபம் தெரிவிப்பார்கள். "உங்கள் நிதியில் ஓர் அறை வேண்டும்" என்றால், ஆம் இல்லை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் மருத்துவமனைக்கு அரசியல் வேண்டாம் என்று சொல்கிற யாரும் அவளிடம் போய் அதைச் சொல்ல முடியாது. 2020-ல் சட்டமன்றம் அந்த 7.5 சதவீதச் சட்டத்தைப் போடாவிட்டால், அதற்கு அழுத்தம் கொடுக்க ஆட்கள் இல்லாவிட்டால், அவள் இந்த காம்பஸில் இருந்திருக்கவே மாட்டாள் என்று அவளே சொல்வாள்.

இந்த முறை அவள் முன்னால் போனாள், அவளுடைய தெருக்காரரான ஸ்டாஃப் நர்ஸ் அக்கா கூடவே வந்தார். எம்.எல்.ஏ. ஐந்து நிமிஷம் பேசினார். "டீன் லெட்டர் ஒண்ணு வாங்கிட்டு வாங்க, கலெக்டருக்கு நான் எழுதிடறேன்" என்றார்.

டீன் லெட்டர்! அதாவது, மறுபடியும் தபால் செக்‌ஷன்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனேன். கிளார்க் எழுந்து நாற்காலி போட்டார். "எம்.எல்.ஏ. ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா டாக்டர்?" அன்று மாலையே லெட்டர் கையில். எத்தனை மாதம் என்று எண்ணிப் பார்க்க மனமில்லாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பொதுப்பணித் துறை மதிப்பீடு, கலெக்டர் ஒப்புதல் எல்லாம் மெதுவாக, ஆனால் தொல்லையில்லாமல் நடந்தன.

இன்னும் இரண்டு விஷயம். சட்டமன்றத்தில் ஒவ்வொரு துறையின் செலவுக்கும் ஒப்புதல் கேட்பதுதான் மானியக் கோரிக்கை, சுகாதாரத் துறைக்கு எண் 19. அது விவாதத்துக்கு வரும் நாளுக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் உறுப்பினர்கள் பேசுவதற்குக் குறிப்புத் தேடுவார்கள். ஆளும்கட்சி, எதிர்க்கட்சி இருவருக்கும் அதே ஒரு பக்கத்தைக் கொடுங்கள், ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் உங்களுக்குக் கட்சிச் சாயம் பூசிவிடுவார்கள். துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு இணையத்தில் கிடைக்கும், முந்தின ஆண்டுடையதைப் படித்துவிட்டுப் போனால் மதிப்பே வேறு. எங்கள் குறிப்பிலிருந்து இரண்டு வரி அவையில் வந்தது. டாக்டர் அறையைச் செவிலியர் அறை என்று சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கும் தேவைதானே என்று விட்டுவிட்டோம்.

இன்னொன்று, மத்தியச் சட்டம் வேண்டும் என்று கோஷம் போடுகிறோம். டாக்டர்களைத் தாக்கினால் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008 முதலே தனிச் சட்டம் இருக்கிறது, சட்ட எண் 48. ஜாமீனில் வர முடியாத குற்றம். 2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் டாக்டர் கத்தியால் குத்தப்பட்ட பிறகுதான் எங்களில் பலருக்கே அது தெரிந்தது. ஒரு பிரதியை டியூட்டி ரூமில் ஒட்டிவையுங்கள். புகார் கொடுக்கப் போகும்போது எடுத்துப்போய், எஃப்.ஐ.ஆரில் அந்தச் சட்டத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

அறை கட்டி முடிந்து, பெயின்ட் அடித்து, எம்.எல்.ஏ. பெயரோடு கல்வெட்டும் வைத்தாகிவிட்டது. பாதையில் விளக்கு எரிகிறது. சாவி மட்டும் நிர்வாக ஆபீஸில் இருக்கிறது, அந்த ஆபீஸை மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள். அதற்கான மனு எழுதியாகிவிட்டது, துறைத் தலைவர் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறோம்.