சிலியோவில் ஒரு ஜனவரி ஞாயிறு

வடக்கு ஸ்பெயினில் காந்தாப்ரியா பகுதியில், தோர்ரெலவேகா நகருக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். டிசம்பர் கடைசியில் ஜனவரிக்கான ஷிப்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தோம். தரச் சோதனைப் பிரிவில் இருக்கும் ஒருவர், கூட்டங்களில் வாயே திறக்காதவர், "முதல் ஞாயிறும் மறுநாளும் என்னைச் சேர்க்க வேண்டாம்" என்றார். ஏன் என்று கேட்டேன். பக்கத்தில் இருந்தவர், "அவர் சிலியோக்காரர், சர்ரமாகோ" என்றார். மேலாளர் உட்பட யாரும் அடுத்த கேள்வி கேட்கவில்லை. எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. "வந்து பாருங்களேன்" என்று அவரே அழைத்தார்.

சிலியோ, இகுன்யா பள்ளத்தாக்கில் மொயேதோ நகராட்சியைச் சேர்ந்த சின்ன ஊர். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் ஞாயிறன்று அங்கே விஹனேரா நடக்கும். குளிர்காலத்தின் கெட்ட சக்திகளை விரட்டிப் புத்தாண்டை வரவேற்கும் முகமூடித் திருவிழா அது. சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் முகமூடிக் கொண்டாட்டங்களுக்குத் தடை இருந்தது. நின்றுபோன விஹனேராவை 1982இல் ஊர் இளைஞர்கள் மறுபடி தொடங்கினார்கள். 2009இல் தேசிய அளவிலான சுற்றுலாத் திருவிழா என்ற அங்கீகாரமும் கிடைத்தது.

காலையில் நான் போனபோது என்னை அழைத்த அந்தச் சக ஊழியருக்குச் சர்ரமாகோ வேடத்துக்கான மணிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். முகம் முழுக்கக் கரி. தோளில் ஆட்டுத்தோல், தலையில் கூம்புத் தொப்பி. மாட்டுக்குக் கட்டும் பெரிய மணிகளை முன்னும் பின்னுமாக வைத்து, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் நின்று கயிற்றை இழுத்து இறுக்கினார்கள். இழுக்கும்போதெல்லாம் அவர் மூச்சை உள்ளே பிடித்துக்கொண்டார். முடிச்சு தளர்ந்தால் குதிக்கும்போது மணி இடுப்பில் இடிக்குமாம், அதனால் ஒவ்வொரு முடிச்சையும் கையால் தடவிப் பார்த்தார். தொழிற்சாலையில் ஒரு பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓகே சொல்லும் அதே நிதானம். மொத்த எடை 20 கிலோவைத் தாண்டும். அதைச் சுமந்துகொண்டு மலைச்சாலையில் குதித்துக் குதித்து மணியை ஒலிக்கவிட வேண்டும். கூட்டமாக அவர்கள் வரும்போது அந்த ஓசை காதுக்கு முன்னால் நெஞ்சுக்குத்தான் கேட்டது.

சர்ரமாகோக்கள் மட்டுமல்ல, இன்னும் எத்தனையோ வேடங்கள் உண்டு. என்னை அதிகம் நிற்க வைத்தவர்கள் திரபஹோன்கள். பாசி, ஐவிக் கொடி, சோளத்தோல், வைக்கோல், மரப்பட்டை என்று காட்டிலும் வயலிலும் கிடைப்பதை உடம்பு முழுக்கப் போர்த்தியவர்கள். ஒருவரின் தோளில் இருந்த பாசியில் இன்னும் ஈரம் இருந்தது, மண் வாசம் வந்தது. கடையில் வாங்கிய துணி ஒரு முழம்கூட இல்லை. பழைய நாளில் இதெல்லாம் ஆண்கள் மட்டும் செய்தது, பெண் வேடங்களையும் அவர்களே கட்டினார்கள். இப்போது பெண்களும் இறங்கிவிட்டார்கள். அதுதான் சரி என்பேன்.

ஊர்வலம் 'ராயா' எனப்படும் ஊர் எல்லைக்குப் போகிறது. அங்கே, போரா சமாதானமா என்ற கேள்வி எழுகிறது. எல்லையைக் காப்பது சர்ரமாகோக்களின் பொறுப்பு. அப்புறம் சதுக்கத்தில் கோப்லாக்கள்: போன ஆண்டு ஊரிலும் நாட்டிலும் நடந்தவற்றைக் கிண்டலடிக்கும் பாட்டுகள். பாதிதான் எனக்குப் பிடிபட்டது, பக்கத்தில் நின்ற பாட்டி சிரித்த சிரிப்பில் மீதியைப் புரிந்துகொண்டேன். பிறகு நிறைமாதக் கர்ப்பிணி வேடத்தில் இருப்பவருக்குப் பிரசவம் நடக்கிறது, புத்தாண்டு பிறக்கிறது. கடைசியில், காலையில் பிடித்துச் சங்கிலியில் இழுத்துவந்த கரடி வேடக்காரரைக் கொல்வதுபோல் நடிக்கிறார்கள். தீமையெல்லாம் அதோடு ஒழிந்ததாக ஐதீகம்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவர எத்தனை மின்னஞ்சல், எத்தனை கூட்டம் என்று எனக்குத் தெரியும். இங்கே அத்தனை பேர், யாருக்கும் சம்பளம் கிடையாது, அவரவர் இடத்தில் அவரவர் நின்றார்கள். கயிறு இழுத்த இருவருக்கும் வேடமே இல்லை. அந்த வேலை இல்லாமல் சர்ரமாகோ ஓர் அடி குதிக்க முடியாது என்பது ஊருக்கே தெரிந்திருந்தது, அவர்களை மதித்துத்தான் பேசினார்கள். வேலையிடத்தில் இந்த மதிப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கிடைக்க வேண்டும் என்று அன்று அழுத்தமாகத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை அவர் வேலைக்கு வந்தார். காதோரம் இன்னும் லேசாகக் கரி. காபி மெஷின் பக்கத்தில் நின்று மணிகளைப் பற்றிக் கேட்டேன். எந்த மணிக்கு எந்த ஒலி, எதை முன்னால் கட்டுவது, எதைப் பின்னால் கட்டுவது என்று இடைவேளை முழுக்கப் பேசினார். அடுத்த முறை பாசி சேகரிக்க ஆள் வேண்டுமாம், என்னை வரச் சொல்லியிருக்கிறார். விடுப்பு கேட்டு இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன்.