நியோமைசினும் நின்றுபோன மூச்சும்: வைவாவுக்குப் படித்த விதம்

ஆன்டிபயாடிக் என்றாலே ரைபோசோம், செல்சுவர் என்று படித்துப் பழகியவர்களை "நியோமைசினால் மூச்சு ஏன் நிற்கும்?" என்ற கேள்வி தடுமாற வைக்கும். மருந்தியலில் ஓரிரு வரியோடு போய்விடும் விஷயம். மயக்கவியல் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) விடமாட்டார்கள்.

பட்டியலாக மனப்பாடம் செய்தால் தேர்வுக்கு முந்தைய நாளே மறந்துபோகும். நான் ஒரு தாளில் நரம்பு முனை, இடைவெளி, தசைச் சவ்வு மூன்றையும் வரைந்து, மருந்துகளை அதில் இடம் பார்த்து எழுதினேன். நரம்பு முனைக்குள் கால்சியம் நுழைந்தால்தான், தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் வெளியே வரும்; அது வராவிட்டால் மூச்சுத் தசைகளும் தளர்ந்துவிடும். ஜென்டாமைசின், அமிக்காசின், நியோமைசின் எல்லாம் முக்கியமாக அந்த நுழைவைத்தான் மறிக்கின்றன. மக்னீசியமும் அங்கேதான். எக்லாம்ப்சியாவுக்கு (கர்ப்பகால வலிப்புக்கு) மக்னீசியம் சல்பேட் ஏறிக்கொண்டிருக்கும்போது ஜென்டாமைசின் போட ஏன் தயங்க வேண்டும், அந்தத் தளர்ச்சியை முறிக்க ஏன் கால்சியம் குளுக்கோனேட் என்பதெல்லாம் படத்திலேயே தெரிந்துவிடும்.

பாலிமிக்சின் என்ற ஆன்டிபயாடிக் பெரும்பாலும் தசைப் பக்கம் வேலை செய்யும். அசிட்டைல்கோலின் சிதைவதைத் தடுக்கும் முறிமருந்தான நியோஸ்டிக்மின் கொடுத்தால் தளர்ச்சி கூடவும் செய்யலாம். கிளிண்டமைசின் தசைநாரையே நேரடியாகவும் தாக்கும் என்பதால் எந்த முறிமருந்தையும் நம்ப முடியாது. "வென்டிலேட்டரில் வைத்துக் காத்திருப்பேன்" என்பதுதான் சரியான பதில், சப்பென்று இருந்தாலும். பென்சிலினுக்கும் செஃபலோஸ்போரினுக்கும் இந்தப் படத்தில் வேலையில்லை.

கொஞ்சம் வரலாறு தெரிந்திருந்தால் நியோமைசின் மறக்காது. ஆய்வாளர்கள் வாக்ஸ்மனும் லெஷெவலியேயும் அதை அறிவித்தது 1949இல். சில ஆண்டுகளில் அறுவை மருத்துவர்கள் அதைக் கரைத்து வயிற்றுக்குள்ளேயே ஊற்றத் தொடங்கினார்கள். வயிற்று உள்ளுறை அதை மளமளவென்று உறிஞ்சிக்கொள்ளும். அன்று அறுவைக்குக் கொடுத்த ஈதரோ தானே தசையைத் தளர்த்தும் மயக்கமருந்து. இரண்டும் சேர, சில நோயாளிகளுக்கு மூச்சு நின்றது. 1956 வாக்கில் இது மருத்துவ இதழ்களில் பதிவானது.

மயஸ்தீனியா கிராவிஸ் (நரம்பு-தசை இணைப்பு பாதித்துத் தசை சோரும் நோய்) கேஸ் வந்தால் ஃப்ளூரோகுயினலோன் வகை ஆன்டிபயாடிக்கை மறக்காதீர்கள்: 2011இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சிப்ரோஃப்ளாக்சசின் உள்ளிட்டவற்றுக்குக் கட்டமிட்ட எச்சரிக்கை சேர்த்தது. டெலித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்குக்கு 2007இலேயே இந்த நோயில் தடை.

இன்னொரு வினாவும் வரும். மலச்சிக்கல், ஈனமான அழுகை, துவண்ட கழுத்தோடு ஒரு கைக்குழந்தை. செப்சிஸ் (உடலெங்கும் பாதிக்கும் கடும் தொற்று) என்று நினைத்து ஜென்டாமைசின் தொடங்கியதும் மூச்சு திணறுகிறது. விடை பாட்டுலிசம், பாக்டீரியா நச்சால் தசைகள் செயலிழக்கும் நோய். அந்த நச்சும் அசிட்டைல்கோலின் வெளியேறுவதைத்தான் தடுக்கிறது; படத்தில் இரண்டையும் நரம்பு முனையிலேயே குறித்திருந்தால் விடையைத் தேட வேண்டியிருக்காது.