காலியில் ஒரு பொசன் நாள்

பெசன்ட் நகரில் வளர்ந்த எனக்கு ஆல்காட் என்பது ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர், அவ்வளவுதான். கொழும்பு கோட்டை ரயில் நிலைய வாசலில் அந்தத் தாடிக்காரரைச் சிலையாகப் பார்த்ததும், "அட, நம்ம ஊர்க்காரர்" என்று தோன்றியது. பிரம்மஞான சபையைத் தொடங்கியவர்களில் ஒருவர். அமெரிக்கர்தான். ஆனால் 1907இல் உயிர் பிரிந்தது சென்னை அடையாறில்.

பொசன் போயா அன்று, இலங்கையின் தென்கரை ஊரான காலிக்கு ரயில் ஏறினேன். அசோகரின் மகன் மகிந்த தேரர் இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்ததாகக் கொண்டாடும் பௌர்ணமி. விஜயானந்த விகாரையில் எல்லோரும் வெள்ளை உடையில். நான் மட்டும் நீலச் சட்டை. கையிலிருந்த ஈழத்தலரிப் பூவை, பழக்க தோஷம், மூக்கருகே கொண்டுபோனேன். பக்கத்தில் நின்ற பாட்டி சட்டென்று தலையை ஆட்டினார். சாமிக்கு வைக்கிற பூவை முகர்ந்தால் என் அம்மா ஒரு பார்வை பார்ப்பாரே, அதே பார்வை. அப்புறம் அவரே பூவின்மேல் தண்ணீர் தெளித்து, மேடையில் எப்படி அடுக்குவது என்று காட்டிக்கொடுத்தார்.

1880 மே 25 அன்று ஆல்காட்டும், அவரோடு சபையைத் தொடங்கிய பிளாவட்ஸ்கி அம்மையாரும் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தரானது இந்த விகாரையில்தான். அந்தக் காலத்தில் ஆங்கிலப் படிப்பு வேண்டுமென்றால் பெரும்பாலும் மிஷன் பள்ளிகள்தான் கதி. ஆல்காட்டின் முயற்சியில் பௌத்தப் பையன்களுக்கென்று 1886இல் கொழும்பில் ஆனந்தா, அடுத்த ஆண்டு கண்டியில் தர்மராஜா, 1892இல் காலியில் மகிந்தா எழுந்தன. கடைசிப் பள்ளிக்குத் தேரரின் பெயர்.

விடுமுறை என்பதால் மகிந்தாவை வெளியிலிருந்துதான் பார்த்தேன். எனக்கென்னவோ ஆல்காட்டைவிட உட்வர்டைத்தான் பிடிக்கிறது. 1903 முதல் 1919 வரை பள்ளி முதல்வராக இருந்த ஆங்கிலேயர். சொந்தப் பணத்தைக் கொட்டிப் பள்ளிக்குக் கட்டடம் எழுப்பியவர். பாலி மொழிப் பௌத்த நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். பள்ளியின் வாசகமும் தம்மபதத்தில் வருவதுதான்: "கிப்பம் வாயம, பண்டிதோ பவ". சீக்கிரம் முயற்சி செய், அறிவாளியாகு என்று பொருள். 1927இல் காந்தி வந்து பேசிய பள்ளி இது. மெதடிஸ்ட் மிஷன் தொடங்கிய ரிச்மண்ட் பள்ளியோடு 1905 முதல் கிரிக்கெட் உண்டு. மதப் போட்டி என்று நினைத்தால், ஆட்டத்துக்கு வைத்திருக்கும் பெயர் 'லவ்வர்ஸ் குவாரல்', காதலர் சண்டை!

இறங்கி வரும் வழியில் தன்சல், நம்மூர்த் தண்ணீர்ப் பந்தல் மாதிரி. பெலிமல் என்று ஒரு பையன் கோப்பையை நீட்டினான், கூடவே ஒரு துண்டு கருப்பட்டி. விசாரித்தால், வில்வப்பூவைக் காய்ச்சிய குடிநீராம். சிவனுக்கு இலை, இங்கே பூ. இன்னொரு கோப்பை வாங்கிக் குடித்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.