யாருக்கு யார் என்ன முறை: வின்செஸ்டர் நாட்குறிப்பு

நவம்பர் 8, 2025, சனி

மாதத்தின் இரண்டாம் சனி, ஆஸ்டின் வட்டம்: இங்கிலாந்தின் வின்செஸ்டரில் நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் ரசிகர்கள் கூடுவது. ஹாலில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தோம். டிசம்பர் 16 வந்தால் ஜேன் ஆஸ்டின் பிறந்து 250 வருஷம். அதற்கு முந்தைய கூட்டத்தில் நான் பேச வேண்டுமாம். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: ‘இந்தியாவில் பெண் பார்ப்பதும் ஆஸ்டின் நாவல்களும்’.

இது என்றாவது வரும் என்று தெரியும். வரதட்சணை, ஜாதகம், சொஜ்ஜி பஜ்ஜி. ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் மகள்களுக்கு மாப்பிள்ளை தேடி அலையும் பென்னட் அம்மாள் அப்படியே எங்கள் தெரு மாமி என்றால் போதும், கைதட்டல் நிச்சயம். சொல்லிச் சொல்லி நைந்துபோன விஷயம். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

அம்மாவுக்கு போன். கடலூரில் விடாத மழையாம். பேச்சுவாக்கில் ‘மான்ஸ்ஃபீல்டு பார்க்’ கதையைச் சொன்னேன்.

“அந்த ஃபேனி யார் வீட்டுல வளருது?”

“பெரியம்மா வீட்டுல.”

“யாரைக் கட்டிக்குது?”

“பெரியம்மா பையன் எட்மண்டை.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

“அண்ணனையா கட்டிக்கிச்சு? அதுவும் பத்து வயசுலேருந்து ஒண்ணா வளர்ந்துட்டு?”

மூன்று தடவை படித்த நாவல். எனக்கு ஒரு தடவைகூட உறுத்தவில்லை. கசின், கசின் என்று வாசித்துக்கொண்டே போயிருக்கிறேன். அந்த ஒரு சொல்லுக்குள் அண்ணனும் அடங்கிவிடுகிறான், அத்தை மகனும் அடங்கிவிடுகிறான். அம்மா ஒரு பக்கம்கூடப் படிக்காமல் பிடித்துவிட்டாள்.

தலைப்பு மாறுகிறது. வட்டத்துக்கு இப்போது சொல்லப்போவதில்லை.

நவம்பர் 15, சனி

ஆல்டன் பேருந்தில் சாட்டன். 1809 முதல், சாவதற்குச் சில வாரம் முன்பு வரை ஜேன் ஆஸ்டின் இருந்த செங்கல் வீடு. எழுதிய மேசையைப் பார்க்கும்போதெல்லாம் சந்தேகம் வருகிறது. பன்னிரண்டு பட்டை வைத்த குட்டி மேசை. ஒரு டம்ளரும் தட்டும் வைத்தால் நிறைந்துவிடும்.

ரசிகர் கூட்டம் என்றால் தொப்பி போட்டுக்கொண்டு கேக் தின்பது என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். தொப்பி உண்டு, கேக்கும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்த வீடு நமக்கு மிஞ்சியதே ரசிகர்களால்தான். போர் நடந்துகொண்டிருந்த 1940-இல் டாரதி டார்னெல் என்ற பெண்மணி இதைக் காப்பாற்றத்தான் சங்கம் தொடங்கினார். 1947-இல் கார்ப்பென்டர் என்ற வழக்கறிஞர், போரில் இறந்த தன் மகன் நினைவாக வீட்டை வாங்கிக் கொடுத்தார். 1949-இல் அருங்காட்சியகம் ஆனது.

தேவாலயத்துக்குப் பின்னால் ஜேனின் அம்மாவுக்கும் அக்காவுக்கும் பக்கத்துப் பக்கத்தில் கல்லறை. இரண்டு பேருக்கும் கசாண்ட்ரா என்றே பெயர்.

நவம்பர் 23, ஞாயிறு

பேச்சுக்கு முதுகெலும்பு கிடைத்துவிட்டது. எங்கள் ஊரிலேயே!

ஜேனுடைய அப்பாவுக்கு ஃபிலடெல்ஃபியா என்று ஓர் அக்கா. தாய் தகப்பன் இல்லாத பெண், லண்டனில் தொப்பிக் கடையில் வேலை பழகினாள். 1752-இல் மாப்பிள்ளை தேடி மதராசுக்குக் கப்பலேறினாள். கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்கள் அங்கே துணையில்லாமல் இருந்தார்கள், சீதனமில்லாத பெண்கள் இங்கே இருந்தார்கள். வந்த சில மாதங்களில், 1753 பிப்ரவரியில், கடலூரில் கல்யாணம். மாப்பிள்ளை ஹான்காக், செயின்ட் டேவிட் கோட்டையின் அறுவை மருத்துவர்.

தேவனாம்பட்டினத்தில் கெடிலம் கடலில் சேருகிற பக்கம் அந்தக் கோட்டையின் மிச்சம் இருக்கிறது. சின்ன வயதில் அங்கே சுண்டல் தின்றிருக்கிறேன். ஜேன் ஆஸ்டினின் அத்தை வாழ்க்கைப்பட்ட ஊர் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அவர்கள் மகள் எலைசா கல்கத்தாவில் பிறந்தவள். முதல் கணவர் பிரெஞ்சுக்காரர், புரட்சியில் தலை போயிற்று. பிறகு 1797-இல் அவள் கட்டிக்கொண்டது ஜேனின் அண்ணன் ஹென்றியை. அவனுக்கு அவள் பத்து வயது மூத்தவள். இருந்தால் என்ன, அத்தை மகள்! சுத்தமான முறைப்பெண்.

டிசம்பர் 13, சனி

பேசி முடித்தேன். ஹீட்டர் இன்றும் இல்லை.

பெண் பார்க்கும் படலத்துக்குக் காத்திருந்தவர்களிடம், இது முறை பார்க்கும் படலம் என்று ஆரம்பித்தேன். ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் காலின்ஸ், பென்னட் அம்மாளின் மகள் எலிசபெத்துக்குப் பங்காளி. ஆண் வாரிசு என்ற உரிமையில் சொத்தைக் கொண்டுபோகிறவன், பெண்ணும் கேட்கிறான். எங்கள் பக்கத்தில் வாசலோடு திருப்பியனுப்பியிருப்பார்கள். கேத்தரின் சீமாட்டி தன் மகளுக்கும், கடைசியில் எலிசபெத்தைக் கட்டிக்கொள்ளும் டார்சிக்கும் தொட்டிலிலேயே முடிச்சுப் போட்டுவைத்தாளே, அவள் டார்சியின் அம்மாவுக்கு உடன்பிறந்தவள். அந்தப் பெண் டார்சிக்குத் தங்கை முறை. இத்தனை வருஷம் சீமாட்டியுடைய திமிரைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்!

ஃபேனி, எட்மண்ட் விஷயத்தில் அம்மா கேட்டதை அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னேன். முன்வரிசையில் ஒருவர் கேக்கைக் கீழே வைத்துவிட்டார். அவருக்குப் பிடித்த நாவலே அதுதானாம். பாவமாக இருந்தது.

ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை ஒருவர் பலகையில் வம்ச மரம் வரைந்து, மாமன் மகள் சரி, சித்தி மகள் தப்பு, ஏன் என்று விடவே இல்லை. எனக்கும் முழுதாக விளக்க வரவில்லை. எங்களுக்கு இது காரணம் கேட்டுக் கற்றுக்கொண்டதில்லை, கூப்பிட்டுப் பழகியது என்றேன். அவருக்கு அது போதவில்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

வின்செஸ்டர் கதீட்ரலில் ஜேனின் கல்லறைக்கு முன்னால் எங்கள் ஆட்கள் பன்னிரண்டு பேர். தரையில் பதித்த கறுப்புக் கல்லில் குணம், பக்தி, அறிவு எல்லாம் இருக்கிறது, நாவல் எழுதினார் என்பது மட்டும் இல்லை. எழுத்தைப் பற்றிச் சொல்லும் பித்தளைப் பலகை சுவரில் 1872-இல்தான் வந்தது.

வால் கோட்டு போட்டு வரும் பெரியவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். எலிசபெத்தையும் அவள் அக்காவையும் கட்டிக்கொண்ட டார்சியும் பிங்லியும் ஒருவருக்கொருவர் என்ன முறை?

“சகலை.”

அவருக்குக் குஷி தாங்கவில்லை. ச-க-லை, ச-க-லை என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். ‘லை’ நன்றாகவே வந்தது. திடீரென்று நிறுத்தினார்.

“அப்படியானால் கடைசித் தங்கை லிடியாவைக் கட்டிய விக்கம்?”

“அவனும்தான்.”

“அவனைக் கண்டாலே ஆகாத டார்சிக்கா?”

“டார்சிக்கும் சகலைதான்.”

பெரியவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். கதீட்ரலுக்குள் இருக்கிறோம் என்பது மறந்துவிட்டது போல.